நீள பீப் வரும்வரை

கேரளத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் ஒரு ஆளுக்கு மூன்று ஓட்டு. கிராமப் பஞ்சாயத்து மெம்பருக்கு ஒன்று, பிளாக் என்கிற ஒன்றியப் பஞ்சாயத்துக்கு ஒன்று, ஜில்லாப் பஞ்சாயத்துக்கு ஒன்று. மறைப்புக்குள் போனால் மூன்று மிஷின்கள் வரிசையாக இருக்கும். முதலாவதில் ஒட்டியிருக்கும் தாள் வெள்ளை, நடுவில் ரோஸ், கடைசியில் நீலம். ஒவ்வொன்றிலும் நமக்குப் பிடித்த சின்னத்துக்கு நேரே உள்ள பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கியதும் சின்னத்தின் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். மூன்றும் முடிந்த பிறகு நீளமாக ஒரு பீப் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் ஓட்டு முடிந்தது.

எங்கள் இடுக்கி மாவட்டத்தில் 2025 டிசம்பர் 9-ஆம் தேதி ஓட்டுப்பதிவு. மூணாறு மலையில் அந்த மாதக் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடிவதற்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை நின்றுவிட்டது. கொழுந்து பறிக்கும் அக்காமார்தான் அதிகம். அவர்களில் ஒருவர், எங்கள் லயத்துக்கு (எஸ்டேட் வீட்டு வரிசைக்கு) பக்கத்து லயம், மறுநாள் என்னிடம் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை.

"மொத மிஷின்ல நம்ம மெம்பருக்கு அமுக்குனேன். லைட்டு எரிஞ்சது, வெளிய வந்துட்டேன். அந்தச் சார் 'சேச்சி, கழிஞ்ஞிட்டில்ல'ன்னு சத்தம் போட்டாரு. எல்லாரும் என்னையவே பாக்காங்க. திரும்ப உள்ள போயி, கைக்கு வந்ததை அமுக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

கைக்கு வந்ததை! முப்பது வருடமாக இந்த மலையில் கொழுந்து எடுத்தவர். ஓட்டு நாள் என்றால் ஒருமுறை கூடத் தவறாதவர். தன் பிளாக் ஓட்டும் ஜில்லா ஓட்டும் யாருக்குப் போனது என்று அவருக்கே தெரியாது. 'இன்னும் முடியவில்லை' என்று மலையாளத்தில் கூப்பிட்ட அலுவலர் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. நீள பீப் வராமல் அடுத்த ஆளுக்கு மிஷின் தயாராகாது, அவர் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் மறைப்புக்குள் போய்க் காட்டிக் கொடுக்கவும் கூடாது. அங்கே வாக்காளர் தனியாகத்தான் நிற்க வேண்டும், சட்டம் அப்படி, அது நல்ல சட்டம். அப்படியென்றால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் மறைப்புக்கு வெளியே, அதற்கு முன்னாலேயே, அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். யார் சொன்னார்கள்?

இதைத்தான் நான் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஓட்டு மிஷினைப் பற்றி நாட்டில் நடக்கும் பேச்செல்லாம் அதை ஏமாற்ற முடியுமா, நம்பலாமா என்பதிலேயே நிற்கிறது. அந்தக் கேள்வி வேண்டியதுதான். ஆனால் மிஷின் யோக்கியமாக இருந்தும், அமுக்குகிற கைக்கு விஷயம் தெரியாததால் போய்விடும் ஓட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஓட்டுப் போடும் முறையில் புதிதாக ஏதாவது வந்தால் அதைப் பெரும்பாலும் முதலில் கேரளத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாட்டின் முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில், 1952-லும் 1957-லும், வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் தாளில் எந்தக் குறியும் போட வேண்டாம், பிடித்தவருடைய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். 1958-இல் எங்கள் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலை இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் நின்ற தேர்தல். அவருக்காகப் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடிக்கொண்டு வந்தார், கூடவே தம்பியாக வந்த பையன்தான் பின்னாளில் இளையராஜா. தமிழ்த் தொழிலாளியிடம் ஓட்டுக் கேட்கத் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது.

ஒரே தாளில் எல்லாச் சின்னமும் அச்சடித்து அதில் முத்திரை குத்தும் முறையைச் சட்டசபைத் தேர்தலில் பெரிய அளவில் செய்து பார்த்தது 1960-இல், அதுவும் கேரளத்தில்தான். அடுத்து மிஷின். 1982 மே மாதம் எர்ணாகுளம் பக்கத்துப் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் முதல்முதலாக மின்னணு இயந்திரம் வைத்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். 1984-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தில் தாளும் பெட்டியும்தான் இருக்கிறது, மிஷினுக்கு இடமில்லை, அந்த 50 சாவடியிலும் திரும்ப ஓட்டெடுங்கள் என்று. தாளில் திரும்ப எடுத்தபோது ஜோஸ் ஜெயித்தார். பிறகு 1988 டிசம்பரில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மிஷினுக்கு வழி செய்தது. 2001 சட்டசபைத் தேர்தலில் கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் எல்லாத் தொகுதிக்கும் மிஷின் வந்துவிட்டது.

பரவூர் வழக்கைச் சட்டப் புள்ளிக்காகத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் படுவது வேறொரு இடம். இயந்திர முறை கொண்டுவருவதானால் வாக்காளர்களுக்கு முழுமையான, முறையான பயிற்சி கொடுக்க வேண்டும், அதற்குக் கணிசமான காலம் பிடிக்கும் என்று நீதிபதிகள் அதில் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருடம் தாண்டிவிட்டது. மிஷின் மூன்று தலைமுறை மாறிவிட்டது. எங்கள் லயத்தில் அந்தப் பயிற்சி என்னவாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

கட்சிக்காரர்கள் வருவார்கள். கையில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மாதிரி மிஷின் இருக்கும். அசலைவிடச் சின்னதாக, வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் அவர்கள் சின்னம் மட்டும் பளிச்சென்று இருக்கும், மற்ற இடமெல்லாம் காலி. "இதுல அமுக்குங்க அக்கா, மூணுலயும் இதேதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வேலை அது, குறை சொல்லவில்லை. ஆனால் நீள பீப்பைப் பற்றி அவர்கள் சொல்ல மாட்டார்கள். மூன்றிலும் போட இஷ்டமில்லை என்றால் என்ன செய்வது என்று சத்தியமாகச் சொல்ல மாட்டார்கள்.

அதற்கும் வழி இருக்கிறது. கடைசி மிஷினில் 'எண்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. தெரிந்த மெம்பருக்கு மட்டும் போட்டால் போதும், பிளாக்குக்கு நிற்கிறவர் யாரையும் பிடிக்கவில்லை என்றால், வேண்டியதில் மட்டும் அமுக்கிவிட்டுக் கடைசியில் இந்தப் பட்டனை அமுக்கலாம். நீள பீப் வரும், ஓட்டு முடிந்தது. அதை அமுக்கிய பிறகு வேறு எதையும் அமுக்கினாலும் பலனில்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் நோட்டா கிடையாது என்பதால் 'எனக்கு யாரும் வேண்டாம்' என்று சொல்ல இந்த ஒரு வழிதான் இருக்கிறது. அந்த அக்காவுக்கு இது தெரிந்திருந்தால் கைக்கு வந்ததை அமுக்கியிருக்க மாட்டார்.

நடு மிஷின்தானே, பிளாக் ஓட்டுத்தானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2015 செப்டம்பரில் எங்கள் பெண்கள் போனஸுக்கும் கூலிக்கும் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். யூனியன் தலைவர்களைக் கிட்டவே சேர்க்காமல் அவர்களே நடத்திய போராட்டம். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று நாடே பேசியது. அந்த நவம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது, பெண்கள் நின்றார்கள். போராட்டத்தின் முன்னணியில் இருந்த கோமதி ஜெயித்தது தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்தின் நல்லதண்ணி டிவிஷனில். கொழுந்து எடுத்த கைகள் கொடுத்த பிளாக் ஓட்டு அது.

எல்லைக்கு அந்தப் பக்கம் போடியில் என் மதினி இருக்கிறார், கிராமப் பஞ்சாயத்தில்தான் ஓட்டு. அங்கே கதையே வேறு. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டு ஊரகத் தேர்தல் நடந்தபோது அவர் கையில் நான்கு தாள் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கிலும் முத்திரை குத்தி, மை ஒட்டாமல் மடித்து, பெட்டியில் போட வேண்டும். அதே மதினி சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் மிஷினில் போடுகிறார். மலைக்கு மேலே நாங்கள் பஞ்சாயத்துக்கு மூன்று மிஷின், சட்டசபைக்கு ஒரு மிஷின். கல்யாணம் கட்டி மேலே வருகிற பெண்ணும், வேலை முடிந்து கீழே இறங்குகிற பெரியவரும் ஒரு முறையை மறந்து இன்னொன்றைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரே தமிழ்க் குடும்பத்துக்குள் இத்தனை விதம்.

மதினியோடு பேசியபோது எனக்கு ஒன்று விளங்கியது. தாளில் தப்பாகக் குத்தினால், இரண்டு சின்னத்தில் குத்தினால், அந்தத் தாள் எண்ணும் மேஜையில் வெளியே வரும். செல்லாத ஓட்டு என்று கட்டி வைப்பார்கள். யாரோ ஒருவர் போட வந்து தடுமாறினார் என்பதற்கு அத்தாட்சியாக அந்தத் தாள் கிடக்கும். செல்லாத ஓட்டு இத்தனை என்று பேப்பரில் எண்ணிக்கையும் வரும், அதைப் பார்த்தாவது யாராவது கேள்வி கேட்கலாம். மிஷினில் செல்லாத ஓட்டே கிடையாது, ஒருவர் ஒரு மிஷினில் இரண்டு பேருக்குப் போட முடியாது. நல்லதுதான். ஆனால் தடுமாற்றமும் தடம் இல்லாமல் போய்விடுகிறது. ஒரே சாவடியில் பஞ்சாயத்துக்குப் பதிவானதைவிட ஜில்லாவுக்குக் குறைவாகப் பதிவாகியிருந்தால், அந்தக் குறைவு வேண்டாம் என்று விட்டதா, தெரியாமல் விட்டதா? மிஷினைக் கேட்டால் எண்ணிக்கை மட்டும் சொல்லும். அந்த அக்காவைப் போலத் தெரியாமல் அமுக்கிய ஓட்டோ நல்ல ஓட்டோடு நல்ல ஓட்டாகக் கலந்தே போய்விடும்.

அமெரிக்காவில் பல இடங்களில் தாளும் மிஷினும் சேர்ந்தே இருக்கின்றன. வாக்காளர் பேனாவால் பெயருக்கு எதிரே உள்ள சின்ன வட்டத்தை நிரப்பி, அந்தத் தாளைத் தன் கையாலேயே எண்ணும் மிஷினுக்குள் விடுகிறார். ஒரு பதவிக்கு அளவுக்கு மேல் குறித்திருந்தால் மிஷின் அங்கேயே எச்சரித்துத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். தப்பைத் திருத்திக்கொள்ளப் புதுத் தாள் கேட்கலாம். பிலிப்பைன்ஸிலும் 2010 முதல் இப்படித் தாளை மிஷின் படித்து எண்ணுகிறது. நமக்கும் அதுவே வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் கூட்டத்துக்கும் நம் மலைக்கும் பட்டன் மிஷின் தோதானது, பேட்டரியில் ஓடுகிறது, கரண்ட் போனாலும் நிற்காது. எனக்குப் பிடித்தது அந்த எச்சரிக்கைதான். வாக்காளர் வாசலைத் தாண்டும் முன்பே 'இது சரியா, பார்த்துக்கொள்' என்று கேட்கிற குணம்.

நம் சட்டசபை, பாராளுமன்ற மிஷினில் அந்தக் குணம் கொஞ்சம் வந்திருக்கிறது. பட்டனை அமுக்கியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு தெரியும். வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் இருக்கும். ஏழு நொடி நிற்கும், பிறகு வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வைத்தார்கள், இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. அப்போது ஆந்திர முதல்வராக இருந்த சந்திரபாபு நாயுடு உள்ளிட்ட எதிர்க்கட்சித் தலைவர்கள் 2019-இல் தொடுத்த வழக்கில்தான், ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் ஐந்து சாவடிச் சீட்டுகளை எண்ணி மிஷின் கணக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை ஒன்றுதான்.

தொகுதிக்கு ஐந்து சாவடிச் சீட்டைத்தான் அதிகாரி எண்ணுகிறார். ஒவ்வொரு சீட்டையும் பார்க்க முடிந்தவர் அந்த வாக்காளர் ஒருவர்தான். அதனால் நான் யாரைக் கண்டாலும் சொல்வது: பட்டனை அமுக்கியவுடன் திரும்பிவிடாதீர்கள், கண்ணாடியைப் பாருங்கள். ஏழு நொடி போதும். சின்னம் மாறித் தெரிந்தால் சத்தமில்லாமல் வந்துவிடாமல் அங்கேயே தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். எழுத்தில் உறுதிமொழி வாங்குவார்கள், ஏஜென்டுகள் முன்னால் சோதனை ஓட்டுப் போட வைப்பார்கள். சொன்னது பொய் என்று தெரிந்தால் வழக்கு வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வாக்காளர் பயப்படுவார் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையைப் பார்த்தவர் பயப்பட வேண்டியதில்லை.

பஞ்சாயத்து மிஷினில் இந்தச் சீட்டு கிடையாது. சட்டசபைத் தேர்தலில் சீட்டைப் பார்த்துப் பழகியவர் டிசம்பரில் பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்கிறார். டிசம்பரில் மூன்று மிஷினைப் பழகியவர் சட்டசபைக்கு வந்தால் 'மீதி ரெண்டு எங்க' என்கிறார். அறியாமை என்று இதைச் சொல்லக் கூடாது. இரண்டு தேர்தலையும் நடத்துவது இரண்டு ஆணையம், இரண்டு வகை மிஷின். வித்தியாசத்தை வாக்காளருக்குச் சொல்லும் கடமையை மட்டும் எந்தப் பக்கமும் முழுதாகத் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை.

தமிழுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். தமிழர் கூடுதலாக வாழும் வார்டுகளில் மிஷினில் ஒட்டும் பெயர்த்தாள் மலையாளத்தோடு தமிழிலும் வருகிறது. காசர்கோட்டில் கன்னடத்தில் வருகிறது. 2021-இல் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வாகத் தேர்வான ஏ. ராஜா சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். பெயர் தமிழில் இருப்பது பெரிய காரியம், அதற்காகப் போராடியவர்களுக்கு என் வணக்கம். ஆனால் பெயரைப் படிக்கத் தெரிந்தவருக்கும் மிஷினை எப்படி முடிப்பது என்பது தெரிய வேண்டும். சாவடிக்கு டியூட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும். நல்ல மனிதர்கள், முந்தின நாளே மலையேறி வந்து பெஞ்சில் படுத்து எழுந்து வேலை பார்க்கிறவர்கள். வரிசை நீளும்போது மலையாளத்தில் வேகமாகத்தான் சொல்வார்கள். எண்பது வயசுப் பாட்டிக்கு அது காற்றில் போகிற சத்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலை ஓய்ந்து தென்காசிப் பக்கமோ சங்கரன்கோவில் பக்கமோ போய்விட்டவர்களுக்கு இரண்டு மாநிலத்திலும் ஓட்டு இருக்கிறது, தமிழர்கள் கள்ள ஓட்டுப் போடுகிறார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் கிளம்பும். 2021-இல் இரண்டு மாநிலத்துக்கும் ஏப்ரல் 6, ஒரே நாளில் ஓட்டு, அப்போது அந்தப் பேச்சு உச்சத்தில் இருந்தது. பட்டியலைச் சரிபார்க்கட்டும், இரண்டு இடத்தில் இருக்கும் பெயரை நீக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்கிற ஒரு தாய், மிஷின் முன்னால் ஏதாவது புரியாவிட்டால் வாய் திறந்து கேட்பாரா? கேட்க மாட்டார். அந்த அக்காவும் அதனால்தான் கேட்கவில்லை.

அதனால் நாங்கள் சில பேர் சேர்ந்து, கட்சி எதுவும் இல்லாமல், ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். மூன்று அட்டை, வெள்ளை, ரோஸ், நீலம். சின்னங்களுக்குப் பதிலாக எந்தக் கட்சிக்கும் இல்லாத படங்களை ஒட்டியிருக்கிறோம், தேர்தலில் அதே சின்னம் வந்துவிடாதபடி பார்த்து. ஓரத்தில் சிவப்புத் தாளில் 'எண்ட்' பட்டன். ஒரு பையன் செல்போனில் நீள பீப் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் லயத்து முற்றத்தில் உட்கார்ந்தால் பெண்கள் தானாக வருகிறார்கள். ஒருவர் துணிமறைப்புக்குப் பின்னால் போய் அமுக்குவார், வெளியே இருக்கிற மற்றவர்கள் பீப் வந்ததா என்று கேட்டுச் சொல்வார்கள்.

வருகிற கேள்விகளைக் கேட்டால் இது எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரியும். முதலில் நீலத்தில் போட்டால் வெள்ளை செல்லாமல் போகுமா? எந்தப் பட்டனை அமுக்கினேன் என்று வெளியே இருக்கிற மிஷினில் அந்தச் சாருக்குத் தெரியுமா? கண் தெரியாத மாமனாரோடு நான் உள்ளே போகலாமா? கடைசிக் கேள்விக்குப் போகலாம் என்பதுதான் பதில். பார்வை இல்லாதவரும், உடல் முடியாமல் தானே அமுக்க முடியாதவரும் பதினெட்டு வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே துணை போகலாம், யாருக்குப் போட்டது என்பதை வெளியே சொல்லக் கூடாது. நடுக் கேள்விக்குப் பதில், தெரியாது. வெளியே இருக்கிறவருக்கு ஓட்டு முடிந்ததா என்பது மட்டும்தான் தெரியும், யாருக்கு என்பது தெரியாது. இந்தப் பதிலைச் சொன்னபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவா தாயி? கங்காணிக்கும் தெரியாதா?" என்று கேட்டார். கங்காணிக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது, யூனியனுக்கும் தெரியாது என்று சொன்னேன். அப்படியானால் இன்னொரு தரம் அமுக்கிப் பார்க்கிறேன் என்று மறைப்புக்குப் பின்னால் போனார்.

இதைப் பஞ்சாயத்தே எடுத்து நடத்தலாம். குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுயஉதவிக் குழுவின் கூட்டம் ஒவ்வொரு லயத்திலும் நடக்கிறது, அந்தக் கூட்டத்தில் அசல் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, தமிழ் பேசுகிற ஒரு ஊழியரை அனுப்பினால் போதும். சாவடி வாசலில் மூன்று நிறமும் நீள பீப்பும் 'எண்ட்' பட்டனும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும். தேவிகுளம், பீருமேடு, பாலக்காட்டில் சித்தூர்ப் பக்கம், தமிழர் வரிசையில் நிற்கிற எல்லாச் சாவடிக்கும். எங்கள் பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் முதல் பெயர் அந்த அக்காவுடையது.